அளந்து செலவிடுவோம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இவ்வாண்டின் வரவு செலவு அறிக்கை சற்று முன் வாசிக்கப்பட்டது. ஒரு ரூபாய்க்கும் கணக்கு இருந்தது. பாய் வாங்கியது, விளக்கு மாற்றியது, மின்கட்டணம் செலுத்தியது என அனைத்திற்கும் ரசீது உண்டு. அடுத்ததாக, பள்ளிவாசல் வளாகத்தில் இரண்டாவது ஆழ்துளைக் கிணறு அமைப்பது குறித்து நீங்கள் முடிவெடுக்க வேண்டியுள்ளது. அதற்கு முன் தண்ணீரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு நிர்வாகத்தினர் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாமும் சில நாட்கள் படித்தும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

நாம் பேசப்போவது பெரும்பாலும் நகரங்களைப் பற்றியது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஆகாய கங்கை விழுகின்ற கொல்லிமலையில் வாழும் நமக்கு நகரத்துத் தண்ணீர்க் கதை எதற்கு என்று சிலர் எண்ணலாம். நம் பிள்ளைகளில் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் சேலத்திலும் வேலை பார்க்கிறார்கள் என்பது ஒரு காரணம். மற்றொன்று, நகரங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தை நாம் படாமலே தெரிந்துகொள்ளலாம் என்பது.

2019இல் சென்னை

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை நாம் அனைவரும் அறிவோம். நான்கே ஆண்டுகளில் அதே நகரம் குடிநீருக்குத் தவித்தது. 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி கொள்ளக்கூடியவை. 2019 ஜூன் மாதத்தில் அவற்றில் நூற்றில் ஒரு பங்கு நீர்கூட இல்லை. வழக்கமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 83 கோடி லிட்டர் வழங்கி வந்த குடிநீர் வாரியம், அதனை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. கணினி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின.

அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலையிட்டு, வாழைமரம் கட்டி வரவேற்றார்கள். செய்தித்தாளில் அந்தப் படத்தைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்நாட்களில் சென்னை பெற்றுவந்த குறைந்த அளவான 52.5 கோடி லிட்டரில், அந்த ஒரு ரயில் கொண்டு வந்தது இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. மறுபுறம், நகரத்தின் குழாய்களில் கசியும் நீரில், மொத்த வினியோகத்தில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் அடைத்திருந்தால், அன்றாடம் 52 லட்சம் லிட்டர் மிஞ்சியிருக்கும். அதாவது இரண்டு ரயில் தண்ணீர், ரயிலே இல்லாமல். ரயில் விட்டது தவறென்று நாம் கூறவில்லை. தாகித்தவனுக்கு ஒரு குவளை நீரும் பெரிது. எனினும் தூரத்திலிருந்து கொண்டு வருகின்ற நீர் நம் கண்ணுக்குத் தெரிகிறது, காலடியில் வீணாகும் நீர் தெரிவதில்லை என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம்.

குறைத்தது யார்? குறைந்தது யாருக்கு?

83 கோடி 52.5 கோடியானது சிக்கனத்தாலா? இல்லை. வால்வைத் திருகியதால் குறைந்தது. வால்வைத் திருகினால் எல்லோருக்கும் சமமாகக் குறையும் என்று தோன்றும். நடந்தது அதுவன்று. வீட்டில் ஆழ்துளைக் கிணறும் நிலத்தடித் தொட்டியும் உள்ளவர்கள் சமாளித்தார்கள். பணம் உள்ளவர்கள் தனியார் லாரியை வரவழைத்தார்கள். தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, கூலி வேலைக்குப் போகாமல் காத்திருந்தவர்கள்தாம் முழுச் சுமையையும் சுமந்தார்கள்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் அப்போது சென்னையில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பெருநாள் விடுமுறையில் வந்தபோது நம்மிடம் கூறினார்: "ஹஜ்ரத், ஒரே நாளில் ரெண்டு இடத்துக்குத் தண்ணி கொண்டு போவேன். ஒரு இடத்துல லாரி நிக்கிறதுக்குள்ள அம்பது பேர் ஓடி வருவாங்க, குடத்துக்குச் சண்டை. இன்னொரு இடத்துல யாருமே வரமாட்டாங்க. நானே குழாயை மாட்டித் தொட்டியை ரொப்பிட்டு வந்துடுவேன். அங்க வாசல்ல காரைக் கழுவிக்கிட்டு இருப்பாங்க." இதைச் சொல்லும்போது அவர் எவர் மீதும் கோபப்படவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்பதை மட்டும் தம் கண்ணால் கண்டிருந்தார்.

அந்தக் காரைக் கழுவியவர் தீயவர் என்று நாம் நினைக்கவில்லை. அவர் எவ்வளவு செலவழிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. அன்று சென்னையில் பெரும்பாலான வீடுகளின் இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. சிக்கனமாகச் செலவழித்தாலும் தாராளமாகச் செலவழித்தாலும் ஒரே கட்டணம். மின்சாரத்திற்கு மீட்டர் இல்லாவிட்டால் நம் வீடுகளில் விளக்குகள் எப்படி எரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேப் டவுன் மக்கள் செய்தது

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் என்றொரு நகரம் உள்ளது. அந்நாட்களில் ஏறத்தாழ 40 லட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். பல தலைமுறைகளாக முஸ்லிம்கள் வாழும் ஊர். அங்கே 2015 முதல் 2017 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மழை குறைந்தது. குழாய்களை அடியோடு மூடவேண்டிய நாள் 2018 ஏப்ரலில் வரும் என்று நகர நிர்வாகம் வெளிப்படையாக அறிவித்தது. அந்த நாள் வந்தால் ஒவ்வொருவரும் வரிசையில் நின்று நாளைக்கு 25 லிட்டர் வாங்கிச் செல்ல வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

அந்த நாள் வரவேயில்லை. எப்படி? அந்த ஆண்டு ஜூனில் மழை பெய்து உதவியது உண்மை. ஆனால் மழை வரும் வரை நகரத்தைக் காப்பாற்றியது மக்களின் சிக்கனம். 2015 கோடையில் நாளொன்றுக்கு 120 கோடி லிட்டர் அளவுக்குச் செலவிட்ட நகரம், 2018 மார்ச் வாக்கில் 50 கோடி லிட்டர் அளவை நெருங்கியது. பாதிக்கும் கீழே! அவர்கள் செய்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, ஓர் எண்ணை மக்களிடம் கூறினார்கள். 2018 பிப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர். "சிக்கனமாக இருங்கள்" என்று சொன்னால் ஒவ்வொருவரும் தாம் ஏற்கெனவே சிக்கனக்காரர் என்றே எண்ணிக்கொள்வர். "50 லிட்டர்" என்று சொன்னால் வாளியை எடுத்து அளந்து பார்ப்பர்.

இரண்டாவது, குழாய்களில் நீரின் அழுத்தத்தைக் குறைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் கசிவும் குறையும், குழாயைத் திறந்தால் கொட்டுவதும் குறையும்.

மூன்றாவது, கூடுதலாகச் செலவிடுவோருக்குக் கட்டணத்தைப் படிப்படியாக உயர்த்தினார்கள். அதற்கும் அடங்காத வீடுகளின் இணைப்பில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் நீர் விடாத கருவியைப் பொருத்தினார்கள்.

நான்காவது, ஒரு முறை பயன்படுத்திய நீரை மறுமுறை பயன்படுத்தினார்கள். குளிக்கும்போது காலடியில் வாளியை வைத்து, அந்த நீரைக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். தோட்டத்திற்கும் காருக்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டது.

ஐந்தாவது, அணைகளில் எவ்வளவு நீர் எஞ்சியுள்ளது, நகரம் எவ்வளவு செலவழித்தது என்பதை வாரந்தோறும் மறைக்காமல் வெளியிட்டார்கள். எந்த வீடு அளவுக்குள் இருக்கிறது என்பதை வரைபடத்தில் பச்சைப் புள்ளியிட்டுக் காட்டினார்கள்.

இதிலும் குறை உண்டு. ஒரே இணைப்பில் பல குடும்பங்கள் வாழும் ஏழைகளின் வீடுகளில், ஆட்கள் அதிகம் என்பதாலேயே செலவும் அதிகமாகத் தெரிந்தது. ஆகவே கட்டணம் விதிக்கும்போது தலைகளையும் எண்ண வேண்டும். மீட்டர் நீரைத்தான் அளக்கும், நீதியை நாம்தான் அளக்க வேண்டும்.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டு தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதன் பின்னர் சென்னையில் கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்தது. பிறகு பல வீடுகளில் அந்தக் குழாய்கள் பெயரளவுக்கு நிற்கின்றன, உள்ளே மண் அடைத்துக் கிடக்கின்றது. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மிக நுண்மையாகச் சுத்திகரித்து, ஒவ்வொன்றிலும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து 9 கோடி லிட்டர். நாம் முன்னர் கூறிய ரயிலில் கொண்டு வருவதென்றால் நாளைக்கு 36 ரயில்! இயந்திரத்திற்குக் குடிநீர் எதற்கு என்று ஒருவர் கேட்டதால் விளைந்த பலன் அது. 2024 மார்ச்சில் பெங்களூரில் பஞ்சம் வந்தபோது, குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். பொது இடங்களின் குழாய்களில் காற்றைக் கலந்து நீரைக் குறைத்து விடும் சிறு மூடிகளைப் பொருத்துமாறு உத்தரவிட்டார்கள்.

இவை அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அளக்காத நீரை எவராலும் மிச்சப்படுத்த முடியாது. அளந்த பின்னர்தான் கசிவும் தெரியும், வீண்விரயமும் தெரியும், அநீதியும் தெரியும்.

நமக்குக் கற்பிக்கப்பட்ட அளவு

இது நமக்குப் புதிய செய்தியா? மதரஸாவில் தஹாரத்துப் பாடத்தில் நாம் முதலில் ஓதியதே அளவைத்தான். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்றும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள் என்றும் ஸஹீஹான அறிவிப்புகள் உள்ளன. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. நான்கு முத்து ஒரு ஸாஉ. மத்ஹபுகளுக்கிடையே கணக்கில் சிறு வேறுபாடு இருப்பினும், ஒரு முத்து என்பது ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். ஸஹாபாக்கள் அந்தச் செயலை மட்டும் நமக்கு அறிவித்துவிட்டுப் போகவில்லை, அதற்குச் செலவான நீரின் அளவையும் சேர்த்தே அறிவித்தார்கள்.

இப்போது நம் கதையைக் கேளுங்கள். சென்ற மாதம் ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகைக்கு முன், எவரும் வருமுன், குழாயடியில் ஒரு வாளியை வைத்து நாம் வழக்கம்போல் உளூச் செய்தோம். பிறகு வாளியில் சேர்ந்ததை அளந்தோம். ஏழு லிட்டர்! இருபது ஆண்டுகளாக மிம்பரில் நின்று இஸ்ராஃப் கூடாது என்று பேசிவரும் நாம் செலவழித்தது ஏழு லிட்டர். தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும் குழாய் திறந்தே இருந்ததை அன்றுதான் கவனித்தோம். மறுநாள் ஒரு குவளையில் நீரை எடுத்துக்கொண்டு, உறுப்புகளை மும்மூன்று முறை கழுவிச் செய்து பார்த்தோம். ஒன்றரை லிட்டருக்குள் முடிந்தது. சுன்னத்தில் எதுவும் குறையவில்லை.

நூறு பேர் ஜுமுஆவிற்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஏழு லிட்டர் என்றால் 700 லிட்டர். இரண்டு லிட்டர் என்றால் 200. ஒரே வேளையில் 500 லிட்டர் மிஞ்சுகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற கோடையில் ஓர் இரவு, அறையில் படுத்திருந்தபோது கூரை மேல் நீர் விழும் ஓசை கேட்டது. மழை என்று எண்ணி, அல்ஹம்துலில்லாஹ் என்று கூறிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டோம். காலையில் வானம் வெளுத்திருந்தது, முற்றம் மட்டும் நனைந்திருந்தது. மோட்டாரை நிறுத்த மறந்து மேல்நிலைத் தொட்டி வழிந்த ஓசை அது. அதே வாரத்தில்தான் நாம் எல்லோரும் திடலில் கூடி மழைத் தொழுகை தொழுதோம். இறைவனிடம் மழையைக் கேட்ட கைகளுக்கு, அவன் முன்பே தந்த நீரைக் காக்கத் தெரியவில்லை என்பதை நினைத்து நாம் வெட்கப்பட்டோம். துஆவும் வேண்டும், மோட்டாரை நிறுத்தும் விரலும் வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு பற்றி

இனி இன்றைய கேள்விக்கு வருவோம். இந்தியா முழுவதும் துளையிடச் செல்லும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது நமது மாவட்டத்துத் திருச்செங்கோடு. ஆகவே துளை போடுவது நமக்கு எளிதான காரியம். போன் செய்தால் வண்டி மலையேறி வந்துவிடும். ஆனால் ரிக் வண்டி தண்ணீரை உண்டாக்குவதில்லை, இருக்கும் நீரை இன்னும் வேகமாக எடுக்க வழி செய்கிறது. நமது துளைக்கும், கீழே மலைவாழ் சகோதரர்கள் குடங்களோடு வந்து நிற்கும் ஊற்றுக்கும் பூமிக்கடியில் தொடர்பு இருக்கக்கூடும். கோடையில் ஓடைகள் மெலிந்து, ஆகாய கங்கையே நூலாக இறங்குவதைக் கண்டிருக்கிறோம். அதைத் தரும் அய்யாறு புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. மேலே இருப்பவன் எடுத்ததுபோக எஞ்சியதுதான் கீழே இருப்பவனுக்கு. சென்னையில் தொட்டி உள்ள வீட்டிற்கும் குடத்தோடு நின்றவருக்கும் இருந்த வேறுபாட்டை இந்த மலையில் நாம் உண்டாக்கிவிடக் கூடாது.

"ஹஜ்ரத், மழைக்காலத்தில் மலையெல்லாம் தண்ணீர், இதற்கென்ன கணக்கு?" என்று பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. மழைக்காலத்தில் சென்னையிலும் தெருவெல்லாம் தண்ணீர்தான். 2015இல் மூழ்கிய நகரம்தான் 2019இல் வறண்டது. கூடுதலாக இருக்கும்போது கணக்கு வைக்காதவருக்குக் குறையும்போது கணக்கு வைக்க நேரம் இருப்பதில்லை.

ஆகவே ஜமாஅத்தாரின் பரிசீலனைக்கு நாம் வைக்கும் வேண்டுகோள்கள் இவை. இரண்டாவது ஆழ்துளைக் கிணற்றை ஓராண்டு ஒத்திவைப்போம். அதற்கென ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, மோட்டாரிலிருந்து தொட்டிக்குச் செல்லும் குழாயில் ஒரு மீட்டரும், தொட்டி நிறைந்தால் தானாக மோட்டாரை நிறுத்தும் கருவியும் பொருத்துவோம். உளூச் செய்யும் இடத்தில் சொட்டும் குழாய்களை மாற்றி, அழுத்தினால் சிறிது நேரம் மட்டும் நீர் தரும் குழாய்களை அமைப்போம். பள்ளியின் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்ப்போம். உளூச் செய்து வழியும் நீர் தூய்மையானதே. அதைக் கொண்டு மீண்டும் உளூச் செய்வதற்கில்லை என்றாலும், மரம் செடிகளுக்குத் தாராளமாகப் பாய்ச்சலாம். பின்புறமுள்ள வாழைகளுக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும்.

முக்கியமாக, தொழுகை நேரம் எழுதும் பலகையில் ஒவ்வொரு வெள்ளியும் இன்னொரு வரியையும் எழுதுவோம்: "இந்த வாரம் நாம் செலவழித்த நீர் இத்தனை லிட்டர்." அந்த எண்ணை எழுதும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்கிறோம். ஓராண்டுக்குப் பின்னும் நீர் போதவில்லையெனில் ரிக் வண்டியை அழைப்பதற்கு நாமே முதலில் கையெழுத்திடுகிறோம். அப்போது எவ்வளவு போதவில்லை என்பதாவது நமக்குத் தெரிந்திருக்கும்.

அன்பிற்குரியவர்களே! காசுக்குக் கணக்கு கேட்க நம்மிடம் தணிக்கையாளர் இருக்கிறார். தண்ணீர் அதனினும் பெரிய அமானிதம். அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில், வரவு செலவு அறிக்கைக்கு அடுத்து நீரின் கணக்கும் வாசிக்கப்பட வேண்டும் என்பதே நமது ஆசை.

வல்ல அல்லாஹ் நம் மலைக்கும், கீழே தாகத்தோடு வாழும் எல்லா ஊர்களுக்கும் பயன் தரும் மழையைப் பொழிவானாக! அவன் தருவதை அளவறிந்து செலவிடும் நல்லறிவை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும்.